மெலிந்த பணப்பையும் நல்ல தோழமையும்



வெளிநாட்டில் கல்வி பயிலும் பிள்ளைகளையுடைய குடும்பங்கள் இன்று நம் பங்குகள் பலவற்றில் உள்ளன. விடுமுறை நெருங்கியதும் அப்பிள்ளைகளிடமிருந்து வீட்டுக்கு ஒரு செய்தி வருகின்றது. நண்பர்கள் சிலர் சேர்ந்து சில ஊர்களைப் பார்த்துவரப் போவதாகவும், அதற்குச் செலவு அதிகம் ஆகாது என்றும் அச்செய்தி கூறும். கேட்டதும் தந்தை கல்விக் கடனின் தவணையை நினைக்கிறார். தாய் செபமாலையைக் கையில் எடுக்கிறாள். பணம் என்னாகுமோ என்பது ஓர் அச்சம். உடன் செல்வோர் எத்தகையவரோ என்பது மற்றோர் அச்சம்.

இரண்டும் நியாயமான அச்சங்களே. ஆயினும் இவற்றைத் தனித்தனியே நோக்கினால் தெளிவு பிறவாது. சிறு தொகையைக் கொண்டு பலர் கூடிச் செல்லும் பயணத்தில் பணமும் தோழமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று கெட்டால் மற்றதும் கெடும். ஒன்று சீர்பட்டால் மற்றதும் சீர்படும். இதனை இம்மாதம் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

மாணவரின் வரவும் செலவும்

நம் பிள்ளைகள் பலர் நாடிச் செல்லும் ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பெப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையிலும், ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரையிலும் விரிவுரைகள் நடைபெறுவதில்லை. அக்காலத்தின் ஒரு பகுதியைத் தேர்வுகளும் கட்டுரைகளும் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய நாள்களில் தாயகம் வந்துபோக விமானக் கட்டணம் இடங்கொடுப்பதில்லை. விடுதி அறையிலேயே தனித்துக் கிடப்பதும் உள்ளத்துக்கு நலமன்று. ஆகவே அண்டை ஊர்களையும் அண்டை நாடுகளையும் காணப் பிள்ளைகள் விரும்புவதில் வியப்பொன்றுமில்லை.

அவர்கள் கையில் உள்ள பணமோ அளவானது. ஜெர்மனிக்குக் கல்வி விசா கோரும் மாணவர், ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவைத் தனிக் கணக்கொன்றில் இட்டுக் காட்டவேண்டும் என 2024 செப்டம்பரில் விதி வகுக்கப்பட்டது. அதிலிருந்து மாதந்தோறும் 992 யூரோ மட்டுமே எடுக்க இயலும். அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, உணவு, நூல்கள், தொலைபேசி யாவும் அதனுள் அடங்கவேண்டும். பகுதிநேர வேலைக்கும் வரம்பு உண்டு. 2024 மார்ச்சில் அவ்வரம்பு ஆண்டுக்கு 140 முழு நாள்கள், அல்லது 280 அரை நாள்கள் என உயர்த்தப்பட்டது. எனவே பயணத்துக்கென்று ஒரு மாணவர் எடுத்துவைக்கும் ஒவ்வொரு யூரோவும் உணவைச் சுருக்கியோ, உணவகத்தில் தட்டுக் கழுவியோ, பண்டசாலையில் பெட்டி அடுக்கியோ சேர்த்ததாகும். சுற்றித் திரியப் பணம் எங்கிருந்து வந்தது என்று சீறுமுன் இவ்வுழைப்பைப் பெற்றோர் எண்ணிப்பார்ப்பது நன்று.

எளிய பயணத்தின் வரலாறு

இளையோர் குறைந்த செலவில் ஊர் காண்பதற்கு ஐரோப்பாவில் நெடிய மரபு உண்டு. ரிச்சர்டு ஷிர்மன் என்பவர் ஜெர்மனியில் ஆல்தெனா என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராய் இருந்தார். 1909 ஆகஸ்டில் தம் மாணவரை நடைப்பயணமாக அழைத்துச் சென்றபோது வழியில் பெரும் இடிமழை பிடித்துக்கொண்டது. சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் வைக்கோலைப் பரப்பி அவர்கள் இரவைக் கழித்தனர். மாணவர் உறங்க, ஆசிரியர் விழித்திருந்து சிந்தித்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடங்கள், நடந்துவரும் பிள்ளைகளுக்கு இரவுத் தங்கலாகக் கூடாதா என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. 1912-இல் ஆல்தெனாக் கோட்டையில் நிலையான முதல் இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. இன்று உலகின் பல நாடுகளிலும் பரவியுள்ள இளைஞர் விடுதிகள் அந்த வைக்கோல் படுக்கையில் பிறந்தவையே.

ரயில் பயணத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1972-இல் ஐரோப்பிய ரயில் நிறுவனங்கள் ஒன்றுகூடி, 21 வயது வரையுள்ள இளையோர் ஒரே சீட்டில் 21 நாடுகளில் செல்லும் ஏற்பாட்டைச் செய்தன. இன்டர்ரயில் எனப்படும் அச்சீட்டு இன்று 33 நாடுகளில் செல்லுபடியாகின்றது. 27 வயது வரை குறைந்த கட்டணம் உண்டு. ஐரோப்பாவில் முறைப்படி வதியும் நம் நாட்டு மாணவரும் இதனைப் பெறலாம். தாம் வதியும் நாட்டிலிருந்து வெளியேற ஒரு பயணமும், திரும்பிவர ஒரு பயணமும் மட்டுமே அதில் அடங்கும் என்பதை முன்னரே அறிந்துகொள்ளவேண்டும். பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் அதிவேக ரயில்களில் இருக்கைப் பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதும் பலர் ரயிலடியில் நின்று கற்கும் பாடம்.

மலிவு என்று தோன்றுவதெல்லாம் மலிவன்று. குறைந்த கட்டண விமானத்தில் சீட்டின் விலை சிறியது. பெட்டிக்குக் கேட்கும் விலையோ சில வேளைகளில் அதனினும் பெரியது. ஃபிராங்ஃபுர்ட்-ஹான் என்று பெயர் தாங்கிய விமான நிலையம் ஃபிராங்ஃபுர்ட் நகரிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நள்ளிரவில் அங்கே இறங்குவோர் நகருக்கு வர வேறு சீட்டு வாங்கவேண்டும். மாறாக, கொலோன், ஆகன், திரியர் போன்ற ஊர்களை உள்ளூர் ரயில்களிலேயே சென்று காணலாம். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் கட்டணத்தோடு நாடு முழுவதற்குமான உள்ளூர் ரயில் சீட்டும் சேர்ந்தே வருகின்றது. கையிலிருக்கும் சீட்டை மறந்து கடன் வாங்கி வானில் பறப்பது அறிவுடைமை ஆகாது.

நான்காவது நண்பன்

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். நான்கு மாணவர் ஆறு நாள் பயணம் ஒன்றுக்குத் திட்டமிடுகின்றனர் எனக் கொள்வோம். மூவரால் ஆளுக்கு 400 யூரோ செலவிட முடியும். நான்காமவனிடம் 250 யூரோவே உள்ளது. அவன் அதைச் சொல்லக் கூசுகிறான். மூவரும் வாட்ஸ்அப்பில் விடுதிகளின் படங்களை அனுப்பி மகிழ்ந்துகொண்டிருக்க, அவன் வாய்மூடி இருக்கிறான். அவன் முன் இப்போது இரண்டு வழிகள் உள்ளன. 150 யூரோ கடன் வாங்கிச் செல்லலாம். பின்னர் இரண்டு மாதங்கள் அரை வயிற்றோடு அக்கடனை அடைக்கவேண்டும். அல்லது, காய்ச்சல் என்றோ தேர்வு என்றோ ஒரு பொய் சொல்லி விலகிக்கொள்ளலாம்; மூவர் போய்வந்து படங்களைக் காட்டும்போது தன் அறையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இத்தகைய பொய்கள் நம் பிள்ளைகளிடையே மிகுதி. ஏழ்மையை ஒப்புக்கொள்வதைவிட நோயை ஒப்புக்கொள்வது அவர்களுக்கு எளிதாய் இருக்கின்றது. அவனுக்காக மற்ற மூவரும் ஆளுக்கு 50 யூரோ போட்டுவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அன்பினால் எழுந்த கேள்விதான். ஆனால் அவ்வாறு செய்யுமுன் அவனுடைய உள்ளத்தை அறிந்தாகவேண்டும். கேளாமற் கொடுத்த பணம், பயணம் முழுவதும் அவனைத் தலைகுனிந்தே நடக்கச் செய்யலாம். எதைத் தின்பது, எங்கே போவது என்று பேச்சு எழும்போதெல்லாம் தனக்கு வாய் திறக்க உரிமையில்லை என்று அவன் எண்ணிவிடலாம்.

மேலான வழி ஒன்றுண்டு. பயணத்தின் அளவை மிக மெலிந்த பணப்பையைக் கொண்டு வகுப்பதே அது. ஓர் இரவுப் படுக்கைக்கு 25 யூரோவாக ஐந்து இரவுகளுக்கு 125 யூரோ. நாளொன்றுக்கு உணவுக்கு 10 யூரோவாக 60 யூரோ. எஞ்சிய 65 யூரோ போக்குவரத்துக்கும் நுழைவுச் சீட்டுக்கும் எதிர்பாராத தேவைக்கும். தொலைவிலுள்ள தலைநகரைக் கைவிட்டு, முன்னர்ச் சொன்ன கொலோன், ஆகன், திரியர் ஆகிய மூன்று ஊர்களைத் தேர்ந்தால் இக்கணக்குள் அடங்கிவிடலாம். கொலோன் பேராலயத்தில் மூன்று அரசர்களின் திருப்பண்டம் எனப் போற்றப்படும் பொற்பேழை உள்ளது. விண்மீனைப் பின்பற்றிக் கூடிச் சென்ற அந்த ஞானியரைவிடப் பயணிகளுக்கு ஏற்ற பாதுகாவலர் யார்? ஆகனில் பேரரசர் சார்லமேனின் ஆலயம் உண்டு. திரியரில் உரோமையர் எழுப்பிய கருநிறக் கோட்டை வாயிலையும், திருத்தூதர் மத்தியாவின் கல்லறையையும் காணலாம். 150 யூரோ குறைந்ததனால் இவர்கள் இழந்தது யாது? நான்காம் நண்பன் உடன் வந்தான் என்பதே இவர்கள் பெற்ற பேறு.

இதற்கு முறை எளிது. ஊர்களின் பெயர்களைப் பேசுமுன் தொகையைப் பேசுதல் வேண்டும். ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற தொகையைச் சீட்டில் எழுதி மடித்து ஒருவரிடம் தரட்டும். அவற்றுள் சிறிய தொகை எதுவோ அதுவே அனைவருக்கும் உரிய அளவு. அது யாருடையது என்று எவரும் கேட்கவேண்டுவதில்லை. பின்னர் உணவுக்கும் உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் ஒரு பொதுப்பை வைத்து, ஒருவர் பொறுப்பேற்று, இரவுதோறும் கணக்கை எல்லார் முன்னும் வாசிக்கட்டும். இளைஞர் விடுதிகள் பலவற்றில் பொதுச் சமையலறை உண்டு. கூடிச் சோறு வடித்து, பருப்பு வேகவைத்து உண்டால் உணவகச் செலவில் பெரும்பகுதி மிஞ்சும். வெங்காயம் அரிவதில் பிறக்கும் நட்பு விருந்து மேசையில் பிறப்பதில்லை.

மூன்றாம் வகுப்பில் சென்ற புனிதர்

நம் காலத்துத் திருச்சபை இத்தகைய பயணத்துக்கென்றே ஒரு புனிதரை நமக்குத் தந்திருக்கின்றது. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ, கார்லோ அக்குத்திஸ் என்னும் சிறுவரோடு பியர் ஜார்ஜோ ஃபிரசாத்தி என்னும் இளைஞரையும் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஃபிரசாத்தி இத்தாலியின் துரின் நகரில் 1901-இல் பிறந்தவர். சுரங்கப் பொறியியல் மாணவர். தந்தையார் பெரும் நாளிதழின் உரிமையாளர். ஜெர்மனியில் தம் நாட்டின் தூதராகவும் விளங்கியவர். பணத்துக்குக் குறைவில்லாத வீடு.

அப்பிள்ளையோ ரயிலில் மூன்றாம் வகுப்பிலேயே சென்றார். காரணம் கேட்டவர்களுக்கு, நான்காம் வகுப்பு இல்லாமையே காரணம் என்று நகைத்து விடையளித்ததாகக் கூறுவர். வண்டிக்கென வீட்டில் தந்த காசை வழியில் கண்ட ஏழைக்குக் கொடுத்துவிட்டு, உணவு வேளைக்கு வீடு சேர ஓட்டமாய் ஓடிய நாள்களும் உண்டு. நம் பங்குகளில் நாம் அறிந்த அதே புனித வின்சென்ட் தே பவுல் சபையில் அவரும் உறுப்பினர்.

நண்பர்களோடு மலையேறுவதில் அவருக்குப் பெருவிருப்பம். 1924-இல் தோழரும் தோழியருமாகச் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தார். அதற்கு 'ஐயத்துக்குரியோர்' என்னும் பொருள்பட வேடிக்கையான பெயரிட்டார். அக்குழுவில் சிரிப்புக்கும் பாட்டுக்கும் குறைவில்லை, செபத்துக்கும் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் மலைக்குச் செல்வதாயின் திருப்பலிக்கு முதலிடம் தந்தார். 1925 சூலை 4 அன்று இளம்பிள்ளை வாத நோயால் 24-ஆம் வயதில் இறந்தார். அடக்கச் சடங்குக்குத் துரின் நகரத்து ஏழைகள் திரண்டுவந்தபோதுதான், தம் மகன் யாருக்கெல்லாம் நண்பனாய் இருந்தான் என்பதை அவ்வீட்டார் முழுமையாய் அறிந்தனர்.

இவரிடம் நாம் கற்கும் பாடம் ஒன்று. சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. தனக்கென்று மிச்சம் பிடிப்பவன் கருமி. பிறரையும் உடன் அழைத்துச் செல்லத் தன் வசதியைக் குறைத்துக்கொள்பவன் சிக்கனக்காரன். இருவரும் மூன்றாம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம். ஆயினும் அவர்கள் செல்லும் திசை வேறு.

வழியில் திறந்திருக்கும் வாயில்கள்

உரோமைக்குச் செல்லும் வாய்ப்பு என்றேனும் கிட்டினால், பொருள் குறைந்தோருக்கு அந்நகர் கைவிரிப்பதில்லை என்பதைக் காணலாம். தெருக்களில் ஆயிரக்கணக்கான குடிநீர்க் குழாய்கள் இடைவிடாது ஒழுகிக்கொண்டிருக்கின்றன. புட்டி நீர் வாங்க வேண்டுவதில்லை. புனித பேதுரு பேராலயத்தில் நுழையக் கட்டணம் இல்லை. உரோமையின் ஏழு பேராலயங்களை ஒரே நாளில் நடந்து சந்திக்கும் வழக்கத்தை 16-ஆம் நூற்றாண்டில் புனித பிலிப்பு நேரி பரப்பினார். நகரத்து இளைஞரைக் கூட்டிக்கொண்டு பாடியும் செபித்தும் சென்ற அவர், நடுவழியில் தோட்டம் ஒன்றில் எல்லாரையும் அமர்த்தி ரொட்டியும் முட்டையும் பாலாடைக்கட்டியும் பகிர்ந்துண்ணச் செய்தார். ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்நடைக்கு இன்றும் கால்களே போதும்.

பிரான்சில் தெய்சே என்னும் சிற்றூர் உள்ளது. 1940-இல் சகோதரர் ரோஜர் அங்கு வந்து தொடங்கிய துறவுக் குழுமத்தை நாடி ஆண்டுதோறும் இளையோர் பல்லாயிரவர் வருகின்றனர். ஞாயிறு முதல் ஞாயிறு வரை தங்கி, நாளுக்கு மூன்று முறை செபித்து, எளிய உணவு உண்டு, பாத்திரம் கழுவுவதிலும் பெருக்குவதிலும் பங்கெடுப்பர். செலுத்தவேண்டிய தொகை, வருவோரின் நாட்டையும் வசதியையும் கருதி அமைந்தது. பல நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே தொட்டியில் தட்டுக் கழுவிய அனுபவம் பிற்காலத்தில் நம் பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவும்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

பன்னிரண்டு வயது இயேசுவை அழைத்துக்கொண்டு சூசையப்பரும் மரியன்னையும் எருசலேமுக்குச் சென்றதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். திரும்புகையில் மகன் பயணக் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டனர். திருக்குடும்பத்துக்கே அப்படி நேர்ந்தது என்றால், கூட்டமாய்ச் செல்வோர் ஒருவரையொருவர் எண்ணிப்பார்த்துக்கொள்வது எத்துணை இன்றியமையாதது! இரவில் அனைவரும் அறை சேர்ந்தனரா என்று பார்ப்பதும், மெல்ல நடப்பவருக்காக மற்றவர் நிற்பதும், குடிக்கும்படி வற்புறுத்தப்படுபவர் பக்கம் ஒருவராவது நிற்பதும் தோழமையின் கடமைகள்.

ஆகவே பயணத்துக்கு இசைவு தருமுன் பெற்றோர் கேட்கவேண்டியவை சில. உடன் செல்வோர் பெயரென்ன? ஒவ்வோர் இரவும் தங்குமிடம் எது? பெண்மக்கள் செல்வதாயின் பெண்களுக்கென்று தனியறை உள்ள விடுதியில் பதிவு செய்தாயிற்றா? கடவுச்சீட்டு, வசிப்பிட அனுமதி அட்டை, காப்பீட்டு அட்டை மூன்றும் கையிலுள்ளனவா? ஜெர்மனியின் வசிப்பிட அனுமதி பெற்ற மாணவர், ஷெங்கன் உடன்பாட்டில் சேர்ந்த பிற நாடுகளில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள்கள் வரை தனி விசா இன்றித் தங்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் அவ்வுடன்பாட்டில் இல்லை. அங்கே செல்லத் தனி விசா வேண்டும். வழியில் வரும் ஞாயிற்றுக்கிழமையன்று எந்த ஆலயத்தில் திருப்பலி காணப்போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். மொழி விளங்காவிடினும் பலி ஒன்றே.

இவற்றோடு மற்றொரு கேள்வியையும் தவறாது கேளுங்கள்: "உங்களில் பணம் குறைந்தவன் யார்? அவனால் இச்செலவைத் தாங்க முடியுமா?" இவ்வாறு கேட்கும் தாயின் மகன் தன் நண்பனின் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். அந்தப் பணம் குறைந்தவன் தம் மகனாகவே இருந்தால், "எங்களால் இவ்வளவுதான் இயலும்; அதை வெட்கமின்றிச் சொல்" என்று கூறும் தந்தை, கடன் வாங்கி அனுப்பும் தந்தையைவிட மகனுக்கு அதிகம் தந்தவராகிறார். அடுத்த வீட்டுப் பிள்ளை பாரிஸ் மாநகரில் எடுத்த படத்தைக் கண்டு, தம் பிள்ளையும் அங்கே நிற்கவேண்டும் என்று தவிக்கும் பெற்றோரும் உள்ளனர். அத்தவிப்புக்கு வட்டி கட்டப்போவது பிள்ளை என்பதை அவர்கள் மறத்தலாகாது.

இளையோரே, உங்களுக்கு ஒரு சொல். ஆண்டவர் தம் சீடரை இருவர் இருவராக அனுப்பியபோது பையும் பணமும் எடுத்துச் செல்ல வேண்டாம் என்றார். துணையை மட்டும் மறுக்கவில்லை. நீங்கள் கண்ட கோபுரங்களின் பெயர்கள் சில ஆண்டுகளில் நினைவினின்று மறையக்கூடும். மழையில் தன் குடையை உங்கள் தலைமேல் பிடித்தவனை மறக்கமாட்டீர்கள். நீங்கள் எவனை விட்டுச் சென்றீர்களோ அவனும் உங்களை மறக்கமாட்டான். போய் வாருங்கள். கடன் இன்றிப் போங்கள். ஒருவரும் குறையாமல் திரும்புங்கள். பயணிகளான ஞானியர் மூவரும், புனித பியர் ஜார்ஜோவும் உங்களுக்காக இறைவனிடம் பரிந்துபேசுவார்களாக.